பாப்கார்ன் மெஷினா, சந்தாவா?

அமெரிக்கக் கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்தால் காரணம் பெரும்பாலும் பாப்கார்னாகத்தான் இருக்கும். மைக்ரோவேவில் பொட்டலத்தை வைத்துவிட்டு எவனாவது ஒருவன் போனில் பேசப் போயிருப்பான். அது கருகும், புகை உணர்த்தி அலறும். நானூறு பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜனவரிப் பனியில் வந்து நிற்பார்கள். அவர்கள் நடுவில் டார்ச்சும் கையுமாகத் தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருப்பது என் வேலை. அப்படிப்பட்ட என் முன்னால், 2008 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒரு தீர்மானம் வந்தது. விடுதி மாணவர் சங்கத்தின் பணத்தில் பாப்கார்ன் மெஷின் வாங்குவதா, இல்லை அந்தப் பணத்தைக் கட்டி விடுதிச் சங்கங்களின் தேசியச் சங்கத்தில் மறுபடியும் சேருவதா?

எனக்கு ஓட்டு கிடையாது. நான் சங்கத்தின் ஆலோசகர். ஆலோசகர்களுக்கு எப்போதும் ஓட்டு கிடையாது. இருந்திருந்தால் மெஷினுக்கு எதிராகப் போட்டிருப்பேன், தூக்கத்துக்காக.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மத்திய மேற்கில், சுற்றிலும் மக்காச்சோள வயல்கள் உள்ள ஓர் ஊரில், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கப் போயிருந்தேன். முதல் வருடம் நம் பையன்கள் ஐந்து பேரோடு ஒரு அபார்ட்மென்டில் குடியிருந்தேன். துறையில் உதவித்தொகை கிடைக்கவில்லை. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதுதான் விடுதி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தேன்: கிராஜுவேட் ஹால் டைரக்டர், நம் ஊர் வார்டன் மாதிரி. வாரம் 20 மணி நேர வேலை, அதாவது மாணவர் விசாவில் அனுமதிக்கப்படும் அளவு. விடுதிக்குள்ளேயே ஒரு சின்ன வீடு, சாப்பாடு, படிப்புக் கட்டணத் தள்ளுபடி. விண்ணப்பித்தேன். நேர்முகத்தில், "ஹாஸ்டலில் இருந்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். நான்கு வருடம் என்றேன். மெஸ் கமிட்டியில் இருந்ததையும் சொன்னேன். மெஸ் கமிட்டி என்றால் என்ன என்று விளக்கவே பத்து நிமிடம் ஆனது.

நம் ஊர் என்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட தலைகளால் வகுத்தால் அதுதான் மெஸ் பில். மாதத்துக்கு இரண்டு பேர் மெஸ் ரெப். விடியற்காலை வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய் வெங்காயம் பேரம் பேசியிருக்கிறேன். பில் எகிறினால் மொத்த ஹாஸ்டலும் நம் அறைக் கதவைத் தட்டும். அதில் இருந்த அதிகாரம் நிஜமானது. ஆனால் நாங்கள் படித்ததெல்லாம் எங்கள் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு காலேஜ் ஹாஸ்டலில் மெஸ் பில் எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அமெரிக்க விடுதியில் நிலைமை தலைகீழ். வெங்காயம் வாங்கும் அதிகாரமெல்லாம் மாணவனுக்குக் கிடையாது. அறை வாடகையை நிர்வாகம் முடிவு செய்கிறது, சாப்பாட்டுக்கு ஒப்பந்தக்காரரோ பல்கலைக்கழகமோ பொறுப்பு. ஆனால் பக்கத்து மாநில விடுதியில் என்ன நடக்கிறது என்று கேட்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மாணவர்களே கட்டி வைத்திருக்கும் ஏற்பாடு.

அடித்தளத்தில் இருப்பது ஹால் கவுன்சில். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், மாடிக்கு ஒரு பிரதிநிதி. இவர்களும் ஆர்.ஏ.க்களும் வேறு வேறு. ஆர்.ஏ. என்பவர் மாடிக்கு ஒருவராக நிர்வாகம் நியமிக்கும் மாணவர். அறையும் சாப்பாடும் அவருக்குக் கூலி, நள்ளிரவில் சத்தம் போட்டால் எழுதிக்கொடுப்பது அவர் வேலை. கவுன்சில்காரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், சம்பளம் இல்லாதவர்கள். எல்லாக் கட்டிடங்களின் கவுன்சில்களும் ஒன்றுகூடினால் வளாகத்துக்கு ஒரு ரெசிடென்ஸ் ஹால் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.எச்.ஏ. எங்கள் வளாகத்தில் அறைக் கட்டணத்தோடு தலைக்குச் சில டாலர் சேர்த்து வசூலித்து ஆர்.எச்.ஏ.வுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது என்று, பரீட்சை வாரத்தில் பிள்ளைகளுக்கு பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் அடங்கிய ஒரு பெட்டி அனுப்பலாமே என்று பெற்றோருக்குக் கடிதம் போவது வழக்கம். பெட்டியை ஒரு கம்பெனி தயார் செய்யும், லாபத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு. அம்மாக்களின் கவலைதான் எங்கள் நிதி ஆதாரம்.

அங்கே 'டார்ம்' என்று சொல்லிவிடக் கூடாது. முதல் வாரப் பயிற்சியில் நான் சொன்னேன், மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். டார்ம் என்றால் தூங்கும் இடம், ரெசிடென்ஸ் ஹால் என்றால் வாழும் இடமாம். அதைச் சொல்லும்போது அந்தத் தொழில்காரர்களின் முகத்தில் ஒரு பக்தி தெரியும். மாணவர்களோ இன்றுவரை டார்ம் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தச் சங்கங்களின் சங்கத்துக்குப் பெயர் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் காலேஜ் அண்ட் யுனிவர்சிட்டி ரெசிடென்ஸ் ஹால்ஸ். மூச்சு முட்டுகிறது என்பதால் எல்லாரும் 'நேக்கர்' என்பார்கள். 1954-ல் நான்கு கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தது: அயோவா ஸ்டேட், மிசௌரி, கொலராடோ, அப்புறம் இன்று நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் அன்றைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. முதலில் மத்திய மேற்கு டார்மிட்டரி மாநாடு என்றுதான் பெயர். பாருங்கள், டார்ம் என்ற சொல் அன்று யாரையும் உறுத்தவில்லை.

ஏன் 1954? இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944-ல், திரும்பி வரும் வீரர்களை அரசுச் செலவில் படிக்கவைக்க ஜி.ஐ. பில் என்ற சட்டம் போட்டார்கள். கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. தகரக் கொட்டகைகளில்கூட மாணவர்களைத் தங்கவைத்தார்கள். பிறகு 1950-ன் வீட்டுவசதிச் சட்டம், விடுதி கட்டக் கல்லூரிகளுக்கு நீண்டகாலக் கடன் தந்தது. செங்கல் செங்கலாகப் பெரிய பெரிய கட்டிடங்கள் எழுந்தன. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்துவிட்டால் சங்கம் வராமல் இருக்குமா? நான் மேற்பார்த்த கட்டிடமே அந்தக் கடன் காலத்துக் கட்டிடம்தான். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் அறைகள், நடுவில் பொதுக் குளியலறை. நம் ஊர் ஹாஸ்டலில் வாளியை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி.

அந்தக் காலத்தில் சங்கங்கள் எதற்காகச் சண்டை போட்டன என்பதை யாரும் இப்போது பேசுவதில்லை. பெண்கள் விடுதிகளில் இரவு இத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும், வெளியே போகும்போது அட்டையில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். ஆண்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. 1913-ல் கென்டக்கி நீதிமன்றம் பெரியா கல்லூரி வழக்கில், கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்த வாதம் ஐம்பது வருடம் ஓடியது. 1961-ல் அலபாமாவில், சமவுரிமைப் போராட்டத்தில் இறங்கியதற்காக விசாரணையே இல்லாமல் நீக்கப்பட்ட கறுப்பின மாணவர்களின் வழக்கில்தான் அது ஆட்டம் கண்டது. 1971-ல் 18 வயதுக்கு ஓட்டுரிமை வந்த பிறகு, நாட்டின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம், பத்து மணிக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது என்று சொல்ல எந்த வார்டனுக்கும் வாய் வரவில்லை. இந்தியாவில் இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 2015-ல் டெல்லிப் பெண்கள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று கிளம்பியது இதே கேட், இதே பூட்டுக்காகத்தான். என் தங்கையின் ஹாஸ்டலில் ஆறரை மணிக்கு கேட் சாத்துவார்கள். என் ஹாஸ்டலில் கேட் இருந்ததே எனக்கு நினைவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் ஆர்.எச்.ஏ. முன்பு நேக்கரில் உறுப்பினராக இருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. அந்த வருடப் பொருளாளர் பேனா தேடிக்கொண்டு அலுவலக பீரோவைக் குடைந்தபோது, கீழ்த்தட்டில் ஒரு தடித்த மூன்று வளையக் கோப்பு கிடைத்தது. முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் வருடம் எழுதியிருந்தது. உள்ளே மாநாட்டுப் புகைப்படங்கள், ஒரே நிறச் சட்டை போட்ட பன்னிரண்டு பேர், ஒரு கேடயம் வாங்கியதற்கான சான்றிதழ், கடைசியாகக் கட்டிய சந்தாவின் ரசீது. அதற்கப்புறம் ஒரு தாளும் இல்லை. சண்டை போட்டு வெளியேறியதற்கான தீர்மானமோ, பணம் இல்லை என்ற கடிதமோ எதுவும் கிடையாது. விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வருடத் தலைவி மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவனிடம் யாரும் சொல்லவில்லை. செப்டம்பரில் படிவம் வந்திருக்கும், பழைய தலைவியின் பெயருக்கு. அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்த உறுப்பினர்களும் மாறிவிடும் ஒரு சங்கத்தை யோசித்துப் பாருங்கள். ஊரில் கோயில் கமிட்டியில் தாத்தா காலத்துக் கணக்கு நோட்டு பத்திரமாக இருக்கும். யார் எந்த வருடம் எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஒரு கிழவராவது உட்கார்ந்திருப்பார். எங்கள் ஹாஸ்டலில் மெஸ் மாஸ்டர் இருந்தார், இருபது வருடக் கதை அவர் நாக்கில். அமெரிக்க விடுதிச் சங்கத்தில் கிழவர் கிடையாது. இருபத்திரண்டு வயது ஆனவன் மூத்தவன், அவனும் மே மாதம் கிளம்பிவிடுவான். என்னைப் போன்ற கிராஜுவேட் ஆட்களும் இரண்டே வருடம்தான். இந்த நேக்கர் என்ற ஏற்பாட்டின் விசித்திரமான சடங்குகள் எல்லாம், படிவம், ஓட்டு, விருது, கோப்பு எல்லாமே, மறதிக்கு எதிராகக் கட்டிய அணைகள் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று இரவு எனக்கு அது வெறும் செலவாகத்தான் பட்டது.

பொருளாளர் பையன் எழுந்தான். வேளாண் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவன், பண்ணை வீட்டுப் பிள்ளை. "மெஷின் இங்கேயே இருக்கும். எல்லாரும் சாப்பிடுவார்கள். அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் ஐந்து பேர் வேனில் போய்விட்டு வருவார்கள். மீதி இரண்டாயிரம் பேருக்கு என்ன?" என்றான். நல்ல கேள்வி. சந்தாவும் மாநாட்டுப் பதிவுக் கட்டணமும் சேர்ந்தால் மெஷின் விலையைத் தாண்டியது. எதிர்ப்பக்கம் பேசியவள் முதல் வருடப் பெண். அவளுக்கு அந்தச் சங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "இதில் ஒரு துணி துவைக்கும் எந்திரம் பற்றிய தீர்மானம் இருக்கிறது. நாம் போன வாரம் பேசினோமே, அதே பிரச்சினை. இவர்கள் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். முடிவு என்ன ஆனது என்று மட்டும் இல்லை."

பாப்கார்ன் நான்கு ஓட்டில் தோற்றது. என் தூக்கத்தைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சேருவது பெரிய வித்தையில்லை. சேருவது பல்கலைக்கழகம் அல்ல, அங்குள்ள ஆர்.எச்.ஏ. என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. பல இடங்களில் விடுதி அலுவலகமே பணத்தைக் கொடுத்துவிடும், ஆனாலும் ஓட்டு மாணவர்களுடையது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஆயுளுக்கும் என்பது கிடையாது. படிவத்தில் அந்த வருடப் பொறுப்பாளர்களின் பெயர்கள், ஆலோசகரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் கொடுத்து, சந்தா கட்ட வேண்டும். நாடு எட்டு மண்டலமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: பசிபிக், மலையிடை, தென்மேற்கு, மத்திய மேற்கு, பெரும் ஏரிகள், வடகிழக்கு, மத்திய அட்லாண்டிக், தெற்கு அட்லாண்டிக். எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அதை வைத்து மண்டலம். கனடாவிலிருந்தும் சில கல்லூரிகள் உண்டு. படிவமும் பணமும் போய்ச் சேர்ந்தால் மண்டலத்திலும் தேசிய அளவிலும் உறுப்பினர். அப்போதுதான் ஓட்டு, விருதுக்கு மனு, மாநாட்டை எங்கள் வளாகத்தில் நடத்துகிறோம் என்று கேட்கும் உரிமை எல்லாம்.

படிவத்தில் முக்கியமான ஒரு வரி உண்டு: என்.சி.சி. நம் ஊர் காக்கி உடை என்.சி.சி. அல்ல. அன்று அதன் விரிவு நேஷனல் கம்யூனிகேஷன்ஸ் கோஆர்டினேட்டர், தூதர் மாதிரி. வளாகத்துக்கும் மண்டலத்துக்கும் இடையில் ஓடுகிற ஆள், மண்டலக் கூட்டத்தில் கல்லூரியின் ஓட்டு இவர் கையில். முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு ஓட்டு, எண்ணூறு பேர் படிக்கும் சிறு கல்லூரிக்கும் ஒரு ஓட்டு. கோப்பை மடியில் வைத்திருந்த பெண்ணையே என்.சி.சி. ஆக்கினார்கள். ஆசைப்பட்டு வாதாடியவள் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா நாட்டிலும் ஒரே வழக்கம்தான்.

நவம்பரில் மண்டல மாநாடு. பதினைந்து பேர் உட்காரும் வேனில் ஆறு மணி நேரம். ஓட்டியது நான். சர்வதேச மாணவனை நம்பிப் பல்கலைக்கழக வேனைக் கொடுத்துவிட்டார்கள் என்ற பெருமையில் முதல் ஒரு மணி நேரம் ஐம்பது மைலைத் தாண்டவேயில்லை.

அங்கே போய் இறங்கியதும் எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு கோஷம், ஒரு ஆட்டம், ஒரு பொம்மைச் சின்னம். அரங்கத்தில் வருகைப் பதிவே ஒரு நாடகம்: கல்லூரிப் பெயரைக் கூப்பிட்டால் அந்தக் குழு எழுந்து குதித்துப் பாடும். கழுத்தில் பட்டை பட்டையாக உலோகப் பின்கள், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று, இரண்டு மணி நேரத்தில் எங்கள் குழுவும் குதிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கூச்சம். ஊரில் ஹாஸ்டல் டேயில் விசிலடித்தவன்தான் நான், ஆனால் காலை ஒன்பது மணிக்கு, பட்டப்பகலில், டீ கூடக் குடிக்காமல் குதிப்பது வேறு.

நான் மாறியது வணிகக் கூட்ட அறையில். கோட்டும் டையும் போட்ட பத்தொன்பது வயசுக்காரர்கள் குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் கல்லூரிப் பெயர் அட்டை. பின்வரிசை நாற்காலிகளில் எங்களைப் போன்ற ஆலோசகர்கள், பேசக் கூடாது. யாராவது நல்ல கருத்து சொன்னால் கை தட்டக் கூடாது, விரல் சொடுக்க வேண்டும். ஐம்பது அறுபது பேர் மெதுவாக விரல் சொடுக்கினால் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்கும். தீர்மானம், வழிமொழிதல், கேள்வி நேரம், விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் ராபர்ட்ஸ் விதிகளின்படி. அந்த ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். 1863-ல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் கட்டுமீறிப் போனதில் அவமானப்பட்டு, இனி விதி தெரியாமல் மேடையேறுவதில்லை என்று உட்கார்ந்து படித்து, 1876-ல் புத்தகமே போட்டுவிட்டார். எங்கள் மெஸ் கமிட்டிக் கூட்டம் ஒன்றைப் பார்த்திருந்தால் இன்னொரு தொகுதி எழுதியிருப்பார்.

ஒரு சின்னக் கல்லூரி ஏதோ ஒரு விதித் திருத்தத்தை எதிர்த்து இரண்டு நிமிடம் பேசியது. திருத்தம் எதைப் பற்றி என்று எனக்கு மறந்துவிட்டது. பேசி முடித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த மிகப்பெரிய பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி, "என் மீதி நேரத்தை அவருக்கே விட்டுக்கொடுக்கிறேன்" என்றான். அந்த முறை அவர்கள் தோற்றார்கள். ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் ஹாஸ்டலில் நான்கு வருடத்தில் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை, என் வாயிலிருந்தும்.

நிஜமான வேலை இதிலும் நடக்கவில்லை. கூட்ட அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், காபி டிரம் பக்கத்தில் நடந்தது. எங்கள் பெண் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டாள்: "உங்கள் இடத்தில் துணி துவைக்க எவ்வளவு?" எங்கள் விடுதியில் துவைக்க ஆறு குவார்ட்டர், அதாவது கால் டாலர் நாணயம், காயவைக்க ஐந்து குவார்ட்டர். ஞாயிறு மாலையானால் குவார்ட்டருக்கு அலைவார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் மாணவனிடம் ஐந்து டாலர் நோட்டை நீட்டிக் கெஞ்சுவார்கள். என் மேசை அறையில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய குவார்ட்டர் வைத்திருந்தேன், அதனாலேயே எனக்குக் கொஞ்சம் செல்வாக்கு. அவள் கேட்டதில் சில கல்லூரிகள் காசு எந்திரத்தையே எடுத்துவிட்டிருந்தன. துவைக்கும் செலவை அறைக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் துவைத்துக்கொள்ளலாம். யார் முதலில் கேட்டது, அலுவலகம் என்ன மறுப்பு சொன்னது, எத்தனை வருடம் ஆனது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் காபிக் கறை இருந்தது.

அந்த நோட்டைத்தான் விடுதி இயக்குநரிடம் கொண்டுபோனார்கள். "எங்களுக்கு இது வேண்டும்" என்று கேட்டால் அலுவலகத்துக்கு ஆயிரம் பதில் இருக்கும். "நம்மளவு உள்ள மூன்று இடங்களில் இப்படிச் செய்கிறார்கள், அவர்கள் தொலைபேசி எண் இது" என்றால் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். இரண்டு வருடம் பிடித்தது. நான் கிளம்பிய பிறகு அந்த எந்திரங்களின் காசுத் துளையில் உலோகத் தகடு அடித்துவிட்டார்கள் என்று மெயில் வந்தது. அந்தப் பொருளாளர் பையன்தான் எழுதியிருந்தான்.

விருதுகள் பக்கம் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேக்கரோடு சேர்ந்தே ஓடும் இன்னொரு கிளை நேஷனல் ரெசிடென்ஸ் ஹால் ஆனரரி என்ற கௌரவச் சங்கம், 1964-லிருந்து. அன்று வளாக விடுதியில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தினருக்குத்தான் இடம். இதற்குத் தனியாகக் கிளை தொடங்கிப் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் மாதாமாதம் 'இந்த மாதத்தின்' விருது என்று ஒன்று நடத்துவார்கள். சிறந்த நிகழ்ச்சி, சிறந்த ஆர்.ஏ., சிறந்த ஊழியர் என்று பல பிரிவு. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் வளாகத்தில் வெல்லலாம், அங்கிருந்து மண்டலம், அங்கிருந்து தேசியம். எனக்கு இது ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொள்ளும் வேலையாகத்தான் தெரிந்தது. பாதி அப்படித்தான். 'அற்புதமான', 'ஈடு இணையற்ற' என்று எழுதித் தள்ளுவார்கள், நம் ஊர் பொன்னாடை உரைகள் தோற்றுவிடும்.

ஆனால் ஒரு மாதம் மூன்றாவது மாடிப் பையன் ஒருவன் எங்கள் கட்டிடத்தைச் சுத்தம் செய்த அம்மாவைப் பற்றி எழுதினான். தீ மணி அடித்த இரவுகளுக்கு மறுநாள் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து தாழ்வாரத்துப் பனிச் சேற்றைத் துடைத்துவிடுவார், யாரும் வழுக்கி விழக் கூடாதென்று. எனக்கு அது தெரியாது. அந்தக் கட்டிடத்துக்குப் பொறுப்பானவன் நான், எனக்கே தெரியாது. மண்டலத்தில் அந்த மாதம் அவர் வென்றார். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். துடைப்பம் வைக்கும் அறைக்குள், கதவுக்குப் பின்னால், ஒரு ஆணியில் மாட்டி வைத்தார். வெளியே மாட்டலாமே என்றேன். "இது என் ஆபீஸ்" என்றார்.

குறை சொல்லாமல் விட முடியாது. இந்தச் சங்கங்கள் பெரிய விஷயங்களில் கை வைப்பதேயில்லை. அறை வாடகை ஏறும்போது ஆர்.எச்.ஏ.விடம் கருத்து கேட்பார்கள், கேட்டுவிட்டு ஏற்றுவார்கள். ஆர்.ஏ.க்கள் மாணவர்களா தொழிலாளர்களா என்ற கேள்வியை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 2002-ல் தீர்த்தது தொழிற்சங்கம்தான், விடுதிச் சங்கம் அல்ல. மோட்டார் தொழிலாளர் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள் அவர்கள்! இருபது வருடம் கழித்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் ஆர்.ஏ. தொழிற்சங்கம் வந்தது. என் கட்டிடத்து ஆர்.ஏ. ஒருத்தி, தற்கொலை எண்ணத்தில் இருந்த ஒரு மாணவனோடு விடிய விடிய உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்குப் பரீட்சை எழுதப் போனாள். அவளுக்கு ஒரு சான்றிதழும் பின்னும் கொடுத்தோம். வேறென்ன கொடுத்திருக்க வேண்டும் என்று பேச எங்கள் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இடமே இல்லை. கோஷத்துக்கு இருந்தது.

2010 மே மாதம் என் முறை வந்தது. அறைச் சாவிகள், டார்ச், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஆர்.எச்.ஏ. பீரோவில் இப்போது இரண்டு கோப்புகள். புதியதன் முதல் பக்கத்தில் என்.சி.சி. பெண் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: 'செப்டம்பர். படிவம். பணம். மறக்காதே.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'பாப்கார்ன்?' என்று இருந்தது.

பல வருடம் கழித்து, கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு வேலையாக அந்த ஊர்ப் பக்கம் போனேன். கட்டிடம் அப்படியே இருந்தது, ஜன்னல்கள் மட்டும் புதிது. வரவேற்பு மேசையில் இருந்த பையனிடம் இங்கே வேலை பார்த்தவன் என்று சொல்லி உள்ளே போனேன். கூடத்து மூலையில், சிவப்பு வண்ணம் அடித்த, சக்கரம் வைத்த பாப்கார்ன் மெஷின் நின்றது. கண்ணாடி மங்கி எண்ணெய் படிந்திருந்தது. நன்றாக உழைத்திருக்கிறது.

"ஆர்.எச்.ஏ. இன்னும் நேக்கரில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2020-ல் மாநாடு கணினியிலேயே நடந்ததாம். அப்புறம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. எல்லாம் ஏதோ ஒரு டிரைவில் கிடக்கிறது, கடவுச்சொல் போன வருடத் தலைவரிடம்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதற்கு ஏதோ படிவம் கொடுக்க வேண்டுமாமே, எப்போது?" என்றான்.

"செப்டம்பர்" என்றேன். மேசையில் இருந்த பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.